ஸ்டேஷன் பக்கத்து மாடியும் அண்ணாச்சியின் சட்டைப் பையும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்பது எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் எல்லோருக்கும் தெரியும். வீடு தேடி விருதுநகரில் தெருத் தெருவாக அலைந்த அந்த ஒரு மாதத்தில் அது மூக்கை விட்டு இறங்கவே இல்லை. பிறந்த குழந்தைக்குப் பாலாடையில் பால் புகட்டும்போது மட்டும்தான் நான் சாந்த சொரூபி. மற்ற நேரத்தில் என் பக்கத்தில் வருவதற்கு என் வீட்டுக்காரரே இரண்டு தரம் யோசிப்பார்.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் நர்ஸ். குறை மாதத்தில் பிறந்த குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கிற வார்டு. அந்த வேலை எனக்கு உயிர். உள்ளங்கை அகலத்துக்கு வந்து சேருகிற பிள்ளை, கொஞ்சம் கொஞ்சமாகச் சதை பிடித்து, ஒரு நாள் என் விரலை எட்டிப் பிடித்து இறுக்கும் பாருங்கள், அதற்காகவே இன்னும் நாலு பஸ் மாறலாம் என்று தோன்றும். அப்படித்தான் மாறிக்கொண்டும் இருந்தேன். என் வீட்டுக்காரர் எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன். கல்யாணம் முடிந்து அங்கேயே குடியிருந்தோம். அவருக்கு வேலை நடந்து போகிற தூரம். எனக்கோ புதுப்பட்டியிலிருந்து சிவகாசிக்கு ஒரு பஸ், சிவகாசியிலிருந்து விருதுநகருக்கு ஒரு பஸ், அங்கிருந்து மதுரைக்கு ரயில். சிவகாசியிலும்தான் ஸ்டேஷன் இருக்கிறதே என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கும்பிடு. இருக்கிறது. அங்கே வருகிற வண்டி என் டூட்டி நேரத்தைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

இரண்டு பஸ்ஸில் ஒன்று காலை வாரினாலும் ரயில் போய்விடும். ரயில் போனால் நான் லேட். நான் லேட் என்றால் ராத்திரி முழுக்கக் கண் விழித்த இன்னொரு நர்ஸ் எனக்காக உட்கார்ந்து கிடப்பாள். எங்கள் சூப்பரிண்டெண்ட் மேடம் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"சிஸ்டர், உங்க வேலையில ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா இப்படி வந்தா எப்படி? இந்த மாசம் முடியுறதுக்குள்ள ஒரு வழி பண்ணுங்க. இல்லைன்னா உங்க ஊர்ப் பக்கமே ஏதாவது கிளினிக் பாத்துக்கோங்க."

ஊர்ப் பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு உட்காரவா இத்தனை வருடம் படித்தேன்? மாமியார் வீட்டில் வேலையை விட்டுவிடச் சொன்னார்கள். என் அம்மா மதுரையில் ஹாஸ்டலில் தங்கச் சொன்னாள். கல்யாணம் பண்ணிக்கொண்டு ஆளுக்கு ஒரு ஊரில் கிடப்பதற்கு எதற்குக் கல்யாணம்? மதுரையில் வீடு பார்க்கலாம் என்றால், அவர் காலையில் ஆட்கள் வருமுன் கேட்டில் நிற்க வேண்டும். மதுரையிலிருந்து அது நடக்காது.

கடைசியில் அவரே சொன்னார். "விருதுநகர்ல பாப்போம். நான் இங்கன பைக்ல வந்துருவேன். நீ அங்கன ஏறிக்கிடு. ஸ்டேஷனுக்குப் பக்கத்துல இருக்கணும், அம்புட்டுத்தான். விடியுறதுக்கு முந்தி உனக்கு டவுன் பஸ்ஸும் கிடையாது, ஆட்டோவும் கிடையாது."

நடந்து வேலைக்குப் போகிற சுகத்தை விட்டுவிட்டு, எனக்காகத் தினமும் பைக் ஓட்டுகிறேன் என்கிற மனுஷன். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வாயில் மட்டும், "ஹெல்மெட் போடணும்" என்று வந்தது.

வீடு பார்க்கப் போனால் ஒவ்வொரு வாசலிலும் ஒரு கூத்து. ஒரு வீடு மிளகாய் வத்தல் மூட்டை அடுக்குகிற கிட்டங்கிக்குப் பின்னால் இருந்தது. "நல்லா காத்தோட்டமான வீடு" என்றார் காட்டியவர். காற்று நன்றாகத்தான் வந்தது, வத்தலை அள்ளிக்கொண்டு வந்தது. நான் தும்ம, அவர் தும்ம, வீட்டைக் காட்டியவரும் தும்ம, மூன்று பேரும் கண்ணீர் விட்டுக்கொண்டே விடைபெற்றோம். இன்னொரு வீடு தண்டவாளத்தை ஒட்டி. சரக்கு வண்டி போனபோது அலமாரியில் இருந்த டம்ளர் தானாகவே நகர்ந்து விளிம்புக்கு வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, "சின்ன ஆட்டம்தான், பழகிரும்" என்றார் அந்த வீட்டம்மா.

வீடு சரியாக இருந்த இடத்தில் நாங்கள் சரியாக இல்லை. என் கணவர் பட்டாசு கம்பெனி என்றதும் ஒருவர், "வீட்டுக்குள்ள மருந்து கிருந்து கொண்டாந்துருவாரோ?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் சட்டையை உதறிக் காட்டாத குறைதான். இன்னொரு அம்மா என் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்துவிட்டு, "நீங்க ஆள்களைக் கூட்டி ஜெபம் வைப்பீகளா? முன்ன இருந்தவுக மைக் போட்டுட்டாக" என்றார்.

"அம்மா, டூட்டி முடிஞ்சு வந்தா எனக்கு எங்க பாஸ்டர் வந்தாலே எந்திரிச்சுக் கதவைத் திறக்க முடியாது. இதுல மைக் வேறயா?" என்றேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. வீடும் தரவில்லை.

மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அப்போதுதான் இந்த வீடு கண்ணில் பட்டது.

ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் ஒரு சின்னத் தெரு. மாடி போர்ஷன். சமையலறை ஜன்னலைத் திறந்தால் பிளாட்பாரத்தின் கடைக்கோடி தெரியும். ஒலிபெருக்கியில் வண்டி வருகிறது என்று சொல்லத் தொடங்கும்போது அடுப்பை அணைத்தால், முடிக்கும்போது பிளாட்பாரத்தில் நிற்கலாம். இரண்டு அறை, ஒரு மொட்டை மாடி, காலை வெயில். கீழே ஓனரும் அவர் மனைவியும் மட்டும். ஓனர் பருப்பு மண்டி வைத்திருந்து, நெஞ்சு வலி வந்து சிகிச்சை முடிந்தபின் மண்டியைத் தம்பியிடம் விட்டுவிட்டு வீட்டில் இருப்பவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய திருநீறு. நாங்கள் அண்ணாச்சி என்றே கூப்பிட்டோம்.

அண்ணாச்சிக்கு எங்களைப் பிடித்துப் போயிற்று. பட்டாசு கம்பெனி என்றதும் முகம் மலர்ந்த ஒரே ஓனர் அவர்தான். "தீபாவளிக்கு நம்ம பேரப்பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி சொல்லி வச்சுருங்க தம்பி" என்றார். நான் நர்ஸ் என்றதும் அவர் மனைவிக்கு அதைவிடச் சந்தோஷம். "ராத்திரி கிராத்திரி இவருக்கு ஒண்ணுன்னா மாடியில ஒரு ஆளு இருக்குமே" என்றார். ஏசப்பா, இது போதும் என்று மனதுக்குள் ஸ்தோத்திரம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்து அட்வான்ஸ் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. கோயிலுக்கு முதல் ஆராதனைக்குப் போய்விட்டு நேரே வந்தோம். என் வீட்டுக்காரர் மாடிக்கு முன்னால் ஏறிப்போய், திறந்து கிடந்த வாசற்படியில் நின்று, நிலைக்கதவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே சமையலறையில். அண்ணாச்சி சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு படி ஏறி வருகிறார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி தட்டில் காபி டம்ளர்களோடு வருகிறார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பட்டாசு கம்பெனியில் காலையில் ஆட்கள் வரும்போது போர்மேன் கேட்டில் நிற்பார். ஒவ்வொருவரும் கையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். போர்மேன் இரண்டு பக்கமும் விலாவில் தட்டுவார், சட்டைப் பையைத் தடவுவார், இடுப்பு மடிப்பைப் பார்ப்பார். தீப்பெட்டி, பீடி, செல்போன் எது இருந்தாலும் வெளியே பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். முதலாளியே வந்தாலும் தட்டித்தான் அனுப்புவார். பத்து வருடத்துக்கு மேலாக என் வீட்டுக்காரருக்கு இதுதான் காலை வேலை. வாசலில் அவர் நிற்க, எதிரே ஒரு ஆள் வந்தால், கைக்கு அதன் வேலை தெரியும். மூளையைக் கேட்காது.

அண்ணாச்சி கடைசிப் படியில் கால் வைத்து, சாவியை நீட்டக் கையைத் தூக்கினார். அவ்வளவுதான். விலாவில் இரண்டு தட்டு. சட்டைப் பையில் ஒரு தடவல். இரண்டு விரல் உள்ளே போயிற்று. வெளியே வரும்போது ஒரு சிகரெட் பாக்கெட்டும் ஒரு தீப்பெட்டியும் வந்தன.

"இத வெளிய வச்சுட்டு வாங்க அண்ணாச்சி" என்றார் என் வீட்டுக்காரர், கேட்டில் சொல்கிற அதே குரலில்.

நான் சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். முதலில் சத்தம் போட்டது காபி டம்ளர்கள். அந்த அம்மா கையில் தட்டு நடுங்கி, கடகடவென்று ஆடியது.

"ஏங்க" என்றார் மெதுவாக. "ஆஸ்பத்திரியில வச்சு மாரியம்மன் மேல சத்தியம் பண்ணுனீகளே. அது எந்த மாரியம்மன்?"

அண்ணாச்சிக்கு முகம் வத்தல் நிறமானது. மனைவிக்குப் பதில் சொல்ல முடியாத கோபம் முழுக்க எங்கள் பக்கம் திரும்பியது. "எம் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு என்னையவே சோதனை போடுதீகளோ? நான் என்ன களவாணிப் பயலா? வீடும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. எடுங்க நடையை!"

என் வீட்டுக்காரர் அந்தப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார். திருப்பிக் கொடுப்பதா, வெளியே வைப்பதா என்று தெரியவில்லை. கடைசியில் காபித் தட்டில் வைத்தார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

தெருமுனை தாண்டும்வரை பொறுத்தேன். அதற்குப் பிறகு பிடித்துக்கொண்டேன். "உங்க கையைக் கொண்டுபோய் அடுப்புல வைக்க! முதல் தடவையா ஒரு மனுஷன் சிரிச்ச முகமா வீடு தாறேன்னு வந்தாரு. அவரைப் போயித் தடவிப் பாத்தீகளே! நல்லவேளை, காலைல பாஸ்டர் கை குடுக்க வந்தப்ப விட்டீக!"

"கை தானாப் போயிருச்சு" என்றார். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னார். "வாசல்ல நின்னேனா... அவரும் கையைத் தூக்குனாரா... தானாப் போயிருச்சு."

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து நான் அழுதேன். கோபத்தில் பாதி, பயத்தில் பாதி. வேலை போய்விடும் என்று அன்றைக்குத்தான் நிஜமாகவே நம்பினேன். அவர் ஒரு டீ வாங்கி வந்து என் கையில் கொடுத்துவிட்டு, தன் கைகளைத் தன் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தண்டனையாம். எனக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கும் கோபம் வந்தது.

மறுநாள் வார்டில் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. அண்ணாச்சியின் மனைவி.

"சிஸ்டர், அவரு கெடக்காரு, விடுங்க. வீடு எம் பேர்ல இருக்கு. எங்க அப்பா குடுத்தது. நீங்க நல்ல நாள் பாத்துப் பாலைக் காய்ச்ச வாங்க. நீங்க நாள் பாக்க மாட்டீகளோ? நான் பாத்துச் சொல்றேன்."

"நன்றிம்மா" என்றேன்.

"ஒரு கண்டிஷன். உங்க வீட்டுக்காரரு தினமும் சாயங்காலம் வேலையில இருந்து வந்ததும் இவரு சட்டையை அதே மாதிரி பாக்கணும். நான் பாத்தா ஒளிச்சு வச்சுருதாரு. எனக்கு இந்தத் தடவல் தெரியல. தம்பிக்கு நல்லா வருது."

அண்ணாச்சியும் ஒரு கண்டிஷன் போட்டார். அதை நாங்கள் குடிபோன அன்றைக்கு நேரிலேயே சொன்னார். "இந்தப் பதினோரு மாசம் அவ பேச்சு. அக்ரிமெண்ட் முடிஞ்சா எம் பேச்சு. அவகிட்ட அப்படித்தான் ஒத்துக்கிட்டேன். அதுக்கு மேல ஒரு நாள் இருக்கலாம்னு நினைக்காதீக. ரெண்டு சாவியில ஒண்ணுதான் உங்களுக்கு. இன்னொண்ணு எங்கிட்ட இருக்கும்."

சாவியைச் சட்டைப் பையில் போட்டு, மேலே கையை வைத்து மூடிக்கொண்டார். என் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டே மூடிக்கொண்டார்.

வீடு கிடைத்தது. அதாவது, பதினோரு மாதத்துக்குக் கிடைத்தது.

சாமான் ஏற்றிய அன்றைக்கே அந்த அம்மா எங்கள் பக்கம் வந்துவிட்டார். பட்டாசு கம்பெனிக்காரர்களுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. எதையும் தரையோடு இழுக்க மாட்டார்கள். கம்பெனியில் பெட்டியை இழுத்தால் உரசும், உரசினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். புதுப்பட்டியிலிருந்து உதவிக்கு வந்த ஆட்கள் பீரோவை, கட்டிலை, கிரைண்டரை, ஏன், ஒரு பிளாஸ்டிக் வாளியைக்கூட இரண்டு பேர் பிடித்துத் தூக்கி, பச்சைப் பிள்ளையைத் தொட்டிலில் இறக்குவது மாதிரி இறக்கினார்கள். "முன்ன இருந்தவுக நாற்காலியை இழுத்து இழுத்து எங்க உச்சந்தலையில ஓட்டை போட்டாக. நீங்க மாடியில இருக்கீகளா இல்லையான்னே தெரியல" என்றார் அந்த அம்மா. அண்ணாச்சி, "தெரியாம என்ன, படியேறயில தெரியுது" என்று பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்.

நான் லேட்டாவது நின்றது. பிளாட்பாரத்தில் வண்டிக்கு முன்னால் போய் நிற்கிற சுகம் எனக்குப் புதிது. சீசன் டிக்கெட்காரர்களோடு ஒரே பெட்டியில் தினமும் உட்கார்ந்து, டீச்சர்களும் கோர்ட் ஆட்களும் கொண்டுவருகிற இட்லியை ருசி பார்த்துக் குறை சொல்லுமளவுக்கு உரிமை வந்துவிட்டது. சூப்பரிண்டெண்ட் மேடம் ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், வீட்டுல ஏதும் சண்டையா, இவ்வளவு சீக்கிரம் வந்துட்டீங்க?" என்று கேட்டார்.

சாயங்காலம்தான் தினமும் கூத்து. ஒரே சாவி என்பதால் காலையில் கீழே கொடுத்துவிட்டுப் போவோம். திரும்பி வந்ததும் அவர்கள் வீட்டு வாசலில் நின்று கேட்டு வாங்க வேண்டும். என் வீட்டுக்காரர் வாசலில் நிற்பார். அந்த அம்மா உள்ளேயிருந்து, "ஏங்க, தம்பி வந்துட்டாரு" என்பார். அண்ணாச்சி விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு வந்து நிற்பார். கையைத் தூக்க மாட்டார். என் வீட்டுக்காரரும் வற்புறுத்த மாட்டார். மரியாதையாக, "கொஞ்சம் அண்ணாச்சி" என்பார். வேட்டி மடிப்பு, பனியன் உள்பக்கம், மடித்துவிட்ட சட்டைக் கை, கண்ணாடிக் கூடு எங்கே வைத்தாலும் வெளியே வந்துவிடும். ஒரு நாள் குடைக்குள்ளிருந்து எடுத்தார். "மழையும் இல்லை வெயிலும் இல்லை, குடை எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டே விரித்தார். ஒற்றை சிகரெட் உருண்டு விழுந்தது. அந்த அம்மா சிரித்த சிரிப்பு எனக்கு மாடி வரைக்கும் கேட்டது.

"எண்ணிக்கிட்டு இருங்க. பதினோரு மாசம்" என்பார் அண்ணாச்சி ஒவ்வொரு தடவையும்.

நடுவில் ஒரு புரோக்கரை அழைத்துவந்து மாடிப்படியைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். பேங்கில் வேலை பார்க்கிற ஒருவர் வீடு கேட்கிறாராம், கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆளாம். அதையும் எங்கள் காது படவே சொன்னார். ஸ்டேஷன் பக்கத்தில் வேறு வீடு எங்கேயும் காலி இல்லை என்று எனக்குத் தெரியும். நான் விசாரிக்காத தெரு பாக்கி இல்லை.

தீபாவளி சீசன் மும்முரமாக இருந்த ஒரு நாள். புதுப்பட்டிக்கும் சிவகாசிக்கும் நடுவில் ஏதோ ஒரு கம்பெனியில் ஒரு ரூம் வெடித்துவிட்டது என்று ரயிலில் யாரோ போனைப் பார்த்துச் சொன்னார்கள். எந்தக் கம்பெனி என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரர் போன் எப்போதும் போலக் கம்பெனி கேட்டில் இருக்கிற பெட்டிக்குள் கிடக்கும். அடித்தால் எடுக்க ஆள் இருக்காது என்று தெரிந்தும் அடித்துக்கொண்டே வந்தேன். விருதுநகரில் இறங்கினால், பிளாட்பாரத்தில் அண்ணாச்சி நிற்கிறார்.

"அவரு கம்பெனி இல்ல சிஸ்டர். மண்டி ஆளுக மூலமா விசாரிச்சுட்டேன். நீங்க தனியா நடந்து வருவீகன்னுதான் வந்தேன்" என்றார். என் பையை வாங்கிக்கொண்டார்.

அந்த அம்மாவும் சேர்ந்து மூன்று பேரும் வீட்டு வாசலில் நின்றோம். ரோட்டை மறித்திருந்ததால் சுற்றி வந்து, இருட்டுவதற்குள் அவர் பைக் தெருமுனையில் திரும்பியது. நான் நகருமுன் அண்ணாச்சி அவரிடம் ஓடிப் போய்விட்டார். பைக்கை நிறுத்தக்கூட விடவில்லை. இரண்டு தோளையும் தட்டினார், கையை மேலிருந்து கீழே தடவினார், நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். என் வீட்டுக்காரர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"சாப்பிட்டீகளா தம்பி?" என்று கேட்டார் அண்ணாச்சி. அந்தக் கம்பெனியில் இறந்துபோனவர்களுக்காக அன்றைக்கு நாங்கள் மாடியில் ஜெபம் செய்தோம். கீழே டி.வி. சத்தமே இல்லை.

மறுநாள் சாயங்காலம் மறுபடியும் அதே விளக்கெண்ணெய் முகம். அதே "எண்ணிக்கிட்டு இருங்க". நான்கூட ஒரு நிமிடம் ஏமாந்துதான் போனேன். நல்ல மனுஷன் வேறு, வாடகைக்கு விடுகிற மனுஷன் வேறு போல என்று நினைத்துக்கொண்டேன்.

பதினோரு மாதம் முடிகிற நாளும் வந்தது. அதற்கு முந்தைய வாரமே நான் அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர், "இருந்து பாப்போமே" என்றார். "இருந்து பாத்தா தெருவுலதான் இருக்கணும்" என்று கத்தினேன். சூப்பரிண்டெண்ட் மேடத்திடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். இனி அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பிள்ளையைத் தொட முடியாது என்றுதான் திரும்பத் திரும்பத் தோன்றியது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சமையலறையில் பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தேன். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணாச்சி ஏறி வந்தார், பின்னால் அந்த அம்மா. இந்தத் தடவை காபித் தட்டு இல்லை. என் வீட்டுக்காரர் வாசலுக்குப் போனார். போனவர் சட்டென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அண்ணாச்சி கடைசிப் படியில் நின்றார். எங்கள் அட்டைப்பெட்டிகளைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூடத் தூக்காத கைகள்.

"பாருங்க தம்பி" என்றார்.

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கையில் இருந்த கரண்டியோடு தலையை ஆட்டினேன். விலாவில் இரண்டு தட்டு தட்டினார். வேட்டி மடிப்பைப் பார்த்தார். கடைசியாகச் சட்டைப் பைக்குள் இரண்டு விரலை விட்டார். வெளியே வந்தது சிகரெட் இல்லை. எங்கள் வீட்டின் இன்னொரு சாவி.

பழக்கம் விடுமா? "இத வெளிய வச்சுட்டு..." என்று தொடங்கிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அது வெளிய எதுக்கு? உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார் அண்ணாச்சி. "உங்களுக்கு ஒண்ணு, சிஸ்டருக்கு ஒண்ணு. பாவம், அந்தப் பிள்ளை வேலையில இருந்து வந்து எம் வாசல்ல நிக்குது. அந்த பேங்க்காரரை வேற எடம் பாக்கச் சொல்லிட்டேன்."

"சிகரெட்டைத் தொட்டு ரெண்டு மாசம் ஆச்சு சிஸ்டர்" என்றார் அந்த அம்மா பின்னாலிருந்து. "எங்கிட்ட சொல்லல. ஒளிக்க நல்லாப் படிச்சுட்டாருன்னு நெனச்சேன். தம்பி தேடிப் பாத்து ஏமாந்து போறதைப் பாக்க இவருக்கு ஒரு ஆசை. நேத்துத்தான் சொன்னாரு."

எனக்குக் கண் நிறைந்தது. "அண்ணாச்சி, காபி குடிக்கிறீகளா?" என்று கேட்டேன். கேட்டபிறகுதான் காபித் தூள், பால் பாத்திரம், டம்ளர் எல்லாம் பேப்பரில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் கிடப்பது நினைவுக்கு வந்தது. நான்கு பேரும் தரையில் உட்கார்ந்து பெட்டிகளைப் பிரித்தோம். அண்ணாச்சி ஒரு பெட்டியைத் தன் பக்கம் இழுக்கப் போனார். "இழுக்காதீக, தூக்குங்க" என்று என் வீட்டுக்காரரும் அந்த அம்மாவும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

மறுநாள் விடியுமுன் கதவைப் பூட்டி, என் சாவியை என் பைக்குள் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். கீழ் வீட்டில் யாரையும் எழுப்பவில்லை. வண்டியில் என் இடத்தில் உட்கார்ந்தேன். மதுரை வருகிறவரைக்கும், சாவி இருக்கிறதா என்று பையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே போனேன்.